விருந்தும் வாயிலும்

(தைத்திருநாளை முன்னிட்டுக் கலசப்பாக்கத்தில் ஆற்றிய பொழிவு)



பொங்கல் அண்மி வருகின்றது. மேடைதோறும் மொழிகாக்க முழங்கும் நாம், நம் அடுக்களையையும் அங்கிருந்து எழும் விருந்தையும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அவற்றைப் பற்றியே பேச விழைகின்றேன்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே அடிப்பொருள். தொல்காப்பியச் செய்யுளியல், எண்வகை வனப்பினுள் ஒன்றாகப் புதுவது புனையும் செய்யுளை விருந்து என்கின்றது. அச்சொல்லே வாயிலுக்கு வரும் புதியவரையும், அவருக்கு இடும் உணவையும் குறிக்கின்றது. ஆகவே, உறவினர் மட்டும் கூடியுண்பது உறவுணவே. புதியவர் ஒருவரேனும் இலைமுன் அமர்ந்தாலன்றி அது விருந்தாகாது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நம் ஊரைத் தழுவியோடும் செய்யாறே சான்று. பத்துப்பாட்டுள் இறுதியாய் நிற்பதும் 583 அடிகளால் ஆனதுமாகிய மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னன்மேல் பெருங்கௌசிகனார் பாடியது. அதில் வரும் சேயாறு இச்செய்யாறே; நவிரமலை நம் பருவதமலையே என்பர் ஆய்வாளர். பரிசில் நாடிச் செல்லும் கூத்தர், வழியிலுள்ள குடில்களில் தம் வீட்டுள் புகுவதுபோலத் தயங்காது புகலாம் என்கின்றார் புலவர். மலைக்குடிகள் தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் இடுவர். மூங்கிலரிசியைப் புளியும் மோரும் கூட்டிச் சமைப்பர். ஆயர் பால் தருவர். மருதநிலத்தார் வெண்சோறு இடுவர். அவரவர் நிலத்தில் விளைந்ததே விருந்து! கடன்பட்டு இட்டதாகவோ, குலம் வினவி இலையைப் பிரித்துப் போட்டதாகவோ அப்பாட்டில் ஓரடியும் இல்லை.

இன்று நம் நிலை என்ன? விழா வந்தால் தறிக்கு முன்பணம் வாங்குகின்றோம். விழா முடிந்தபின் அக்கடனுக்கே தறி ஓடுகின்றது. அடுத்த தறியில் அமர்ந்து உழைப்பவன், திருநாளில் நம் இலைவரிசையில் அமர இயலவில்லை. நாளெல்லாம் தார் சுற்றிக் களைத்த அன்னை, விடியுமுன் அடுப்பு மூட்டி, உச்சிவேளை வரை புகையில் நின்று, எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்கின்றாள்.

சிலப்பதிகாரத்தில், கோவலன் பிரிந்த காலத்தில் தான் இழந்ததாகக் கண்ணகி வருந்தியுரைப்பது பொன்னையோ மணியையோ அன்று. விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையே. விருந்தெதிர்தல் இல்லத்தலைவியின் உரிமை. அவ்வுரிமை உடையவளை, வந்தவர் முகத்தையே காணாதபடி அடுப்படியில் நிறுத்துவது தமிழ்நெறி ஆகுமா?

பாவு ஓடாமல் எவரும் தறியேறுவதில்லை. விருந்துக்கும் ஒரு பாவு வேண்டும்.

ஒன்று: பத்து நாள் முன்னரே வருவோரை எண்ணிக் கையிருப்புக்குள் செலவை வரையறுங்கள்.

இரண்டு: உணவு வகைகளைக் குறையுங்கள். புதுநெல்லரிசிப் பொங்கல்; அவரை, மொச்சை, பூசணி, வள்ளிக்கிழங்கு, கத்தரி கூட்டிய குழம்பு; சவ்வாதுமலைச் சாமையில் ஒரு சோறு; கடிக்கக் கரும்பு. இவை போதும். இனிப்புப் பொங்கலுக்கு அரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்புக் கால் பங்கு, வெல்லம் இரு பங்கு.

மூன்று: முதல்நாள் மாலையே வேலையைப் பகுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் துருவுதலும், வெல்லம் தட்டுதலும், காய் நறுக்குதலும் ஆடவர் பங்கு. பட்டிழை அறாமல் கையாளும் விரல்களுக்குப் பூசணி நறுக்குவது அரிதோ?

நான்கு: தை 2, திருவள்ளுவர் நாள். அன்று அயல்தெருக் குடும்பம் ஒன்றை, நீங்கள் இதுவரை அழையாத குடும்பத்தை, அழையுங்கள். விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் வீட்டுப் பிள்ளை ஒன்று படிக்கட்டும். பானைகளை நடுவில் வைத்து, சமைத்தவளும் உடன் அமர, ஒரே வரிசையில் உண்ணுங்கள்.

இலைமுன் அமர்ந்து "சாதம்", "ரசம்" என்னாதீர்கள். "சோறு", "சாறு" என்று வாயாரக் கேளுங்கள். மறைமலையடிகளார் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி நூறாண்டு கடந்தும், சோறு என்பது இழிவு, சாதம் என்பது உயர்வு என்னும் மயக்கம் நம்மை விட்டு அகலவில்லையே, என்ன கரணியம்? ஒரே அரிசியில் சமைத்ததற்கு உயர்வும் தாழ்வும் கற்பித்த அதே மனம்தான், ஒரே இனத்தில் பிறந்தவனுக்கும் உயர்வு தாழ்வு கற்பித்தது. சொல்லில் ஏறிய அடிமைத்தனமும் இலைவரிசையில் ஏறிய அடிமைத்தனமும் ஒருவேரின. ஒன்றை மட்டும் களைந்து மற்றதைப் பேணுவது தனித்தமிழ் ஆகாது.

விருந்து என்னும் சொல் நம் வாயில் தூய்மையாய் இருந்தால் மட்டும் போதாது. அச்சொல்லுக்கு உரியவர்க்கு நம் வாயிலும் திறந்திருக்க வேண்டும். இப்பொங்கலுக்கு அதைத் திறவுங்கள்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!