முதல் ஓட்டத்துக்கு முன்னால்

தரை கூட்டும் ரோபோவை ஆசையாக வாங்கி, சில வாரங்களில் மூலையில் போட்டுவிடும் வீடுகள் உண்டு. குறை பெரும்பாலும் கருவியில் இல்லை, முதல் நாள் ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பேன். 2002-ல் வந்த ரூம்பா என்ற ரோபோ, சுவரில் முட்டித் திரும்பி, குத்துமதிப்பாகத்தான் வீட்டைச் சுற்றியது. இன்று பல கருவிகளின் தலையில் லேசர் சுழல்கிறது. முதல் ஓட்டத்திலேயே வீட்டின் வரைபடத்தைப் போட்டுக்கொள்கிறது. அன்று ஓர் அறைக்கதவு சாத்தியிருந்தால், வரைபடத்தில் அந்த அறையே இருக்காது. ஆகவே எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். சார்ஜர் வயரையும் குஞ்சம் வைத்த மிதியடியையும் எடுத்துவிடுங்கள். சுழலும் பிரஷ் இவற்றைத்தான் முதலில் இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

"இத்தனையும் நாமே செய்வதென்றால் துடைப்பமே போதுமே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூலைமுடுக்குக்கும் படிக்கட்டுக்கும் துடைப்பம்தான், சந்தேகமில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் தினமும் குனிந்து கூட்டுகிறவர் யார்? ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமே உள்ள கருவி அங்கே நுழைந்து தூசியை எடுத்துவிடுகிறது. முதுகுவலிக்காரர்களுக்கு இது சிறிய உதவியல்ல. கறுப்பு விரிப்பில் ஏற மறுக்கிறது என்ற புகாரும் உண்டு. அது பழுதல்ல. படியில் உருண்டு விழாமலிருக்க, அடிப்புறத்திலிருந்து அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. கறுப்பு நிறம் ஒளியை விழுங்கிவிடுவதால், எதிரே பள்ளம் என்று நின்றுவிடுகிறது. சென்சார் மேல் டேப் ஒட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். மாடிப்படி உள்ள வீட்டில் அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.