கந்தோரும் கருமமும்

ஈழத்துத் தமிழர் தாம் உத்தியோகம் பார்க்கும் இடத்தைக் கந்தோர் என்று வழங்குவர். ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்ட காலத்தில் அவர்தம் மொழியிலிருந்து வந்து தமிழிற் கலந்த சொல் அது. கச்சேரி என்னும் சொல்லோ வட இந்தியாவிலிருந்து ஆங்கில ஆட்சியின் வழியாக வந்து சேர்ந்தது. ஆட்சிகள் மாறின, சொற்கள் நிலைத்தன. அச்சொற்களோடு பொதுமக்கள் மனத்தில் ஓர் எண்ணமும் நிலைத்துவிட்டது. கந்தோர்க் காரியம் என்றால் மெல்ல நடப்பது, பலமுறை அலைய வைப்பது, முடிவு செய்தவர் யார் என்று தெரியாமலே முடிந்துபோவது என்பதே அவ்வெண்ணம். அது எவ்வாறு உண்டாயிற்று, அதனை மாற்றும் ஆற்றல் யாரிடத்தில் இருக்கிறது என்பவற்றை நேயர்கள் சற்று ஆராய்ந்து பார்த்தல் பயனுடையது.

முடிவு செய்தல் என்பது மேலதிகாரியின் தொழில், கீழுள்ளவர் அதனை நிறைவேற்றுபவர் மாத்திரமே என்று பலரும் கருதுகின்றனர். கந்தோருக்குள் ஒரு நாள் இருந்து பார்த்தால் இக்கருத்து நிலைக்காது. காலைத் தபாலில் ஒரு கடிதம் வருகிறது. அதனை இன்று எடுப்பதா நாளை எடுப்பதா, எந்தக் கோவையிற் சேர்ப்பது, யாருக்குச் சமர்ப்பிப்பது, எந்தக் குறிப்பை எழுதிச் சமர்ப்பிப்பது என்பன எல்லாம் முடிவுகளே. மேலதிகாரி கையொப்பமிடும் வேளையில் இத்தகைய சிறு முடிவுகள் பல செய்யப்பட்டு முடிந்திருக்கும். அவர் காண்பது கோவையிலுள்ள குறிப்பையே. கடிதம் எழுதியவரின் முகத்தையன்று. குறிப்பு நேராக இருந்தால் அவர் முடிவும் நேராக இருக்கும். குறிப்புக் கோணினால் எத்துணை அறிவுடையவராயினும் அவர் முடிவு கோணியே தீரும். ஆதலின், முன்னாளில் லிகிதர் என்றும் பின்னர் முகாமைத்துவ உதவியாளர் என்றும் அழைக்கப்பட்டவரின் மேசையே பெரும்பாலான முடிவுகள் பிறக்கும் இடமாகும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்க. ஆசிரியர் ஒருவர் காலமாகிறார். அவருடைய மனைவி, விதவைகளுக்கும் அநாதைகளுக்குமுரிய ஓய்வூதியத்தை வேண்டிப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் கொடுக்கிறார். 1898ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் இந்நாட்டில் ஏற்பட்டு, இன்றளவும் அரசாங்க ஊழியரின் குடும்பங்களைத் தாங்கிவரும் ஏற்பாடு அது. விண்ணப்பத்தில் ஒரு சிக்கல். அம்மையாரின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், விவாகச் சான்றிதழில் அதே பெயர் சிறிது வேறுபட்டும் காணப்படுகின்றன. ஒன்றில் தந்தையின் பெயர் முழுமையாக இருக்கிறது. மற்றதில் முதலெழுத்து மாத்திரமே இருக்கிறது. ஒரே பெயர் மூன்று மொழிகளில் எழுதப்படும் நாட்டில் இது புதுமையன்று.

விண்ணப்பத்தைக் கையில் எடுத்த லிகிதருக்கு முன் மூன்று வழிகள் இருக்கின்றன. 'பெயர் முரண்படுகிறது' என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புதல் முதலாவது. சந்தேகமான காரியம், கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்று கோவைகளுக்கு அடியில் வைத்தல் இரண்டாவது. எந்தச் சந்தேகம் நீங்கவேண்டும், எந்தப் பத்திரங்களால் அது நீங்கும் என்று விதிகளைப் பார்த்து அறிந்து, வேண்டியவை அனைத்தையும் ஒரே கடிதத்தில் தெளிவாகக் கேட்டல் மூன்றாவது.

முதலிரண்டு வழிகளும் எழுதுபவருக்கு ஆபத்தில்லாதவை போலத் தோன்றும். யாரும் அவரைக் குறைகூற முடியாது. கணக்காய்வு ஐயவினா வந்தாலும் அவருக்கு எதிராக வராது. ஆனால் அவ்வம்மையாரின் நிலை என்ன? என்ன செய்யவேண்டுமென்று சொல்லாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறார். சத்தியக் கடதாசி வேண்டும் என்கிறார்கள். அதனை முடித்துக்கொண்டு மறுமுறை வரும்போது கிராம அலுவலரின் உறுதிக் கடிதமும் வேண்டும் என்கிறார்கள். மூன்றாம் முறை வரும்போது உரிய உத்தியோகத்தர் லீவில் இருக்கிறார். இதற்கிடையிற் பிள்ளைகளின் பாடசாலைச் செலவு நிற்கவில்லை. கடைக்காரரின் கடன் கொப்பி மூடப்படவில்லை. கந்தோரில் இருந்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. எனினும் ஒரு குடும்பம் பல மாதம் இடர்ப்பட்டது. தவறு செய்யாமல் இருப்பதும் நல்ல முடிவு செய்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தாமதமும் ஒரு முடிவே என்பதை முதலில் உணர்தல் வேண்டும். கோவையை மூடி வைப்பவர் தாம் ஒன்றும் முடிவு செய்யவில்லை என்று நினைக்கிறார். உண்மையில் 'இப்போதைக்கு இல்லை' என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதற்குரிய காரணத்தை மாத்திரம் எழுதவில்லை. 1904ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து சிவில் சேவையிற் பணியாற்றிய லெனாட் வுல்ஃப் என்பவர் இதனை நன்கு உணர்ந்தவர். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் வேலை செய்தபின் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார் அவர். கச்சேரிக்கு வரும் கடிதத்துக்கு வந்த அன்றே மறுமொழி செல்லவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய ஒழுங்கு. அது நடக்கக்கூடிய காரியமல்லவென்று கந்தோரில் இருந்தோர் மனங் கசந்தனர். ஆயினும் அதன் அடியிலுள்ள கணக்கு எளியது. நாளொன்றுக்கு இருபது கடிதம் வந்தால் இருபதுக்கும் என்றாவது ஒருநாள் மறுமொழி எழுதியே ஆகவேண்டும். பத்து நாள் கழித்து எழுதினாலும் எழுதும் வேலை குறைவதில்லை. தேடும் வேலையும், நினைவூட்டற் கடிதங்களுக்கு விடை சொல்லும் வேலையும் கூடுகின்றன.

அவ்வாறாயின் எல்லாவற்றையும் விரைந்து முடிப்பதே நல்லதோ எனின், அதுவும் அன்று. திருக்குறளின் பொருட்பாலில் 47ஆம் அதிகாரம் தொடங்கி 52ஆம் அதிகாரம் முடிய உள்ள ஆறு அதிகாரங்களின் அடைவு இங்கே கருதத்தக்கது. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கும் செய்யத்தக்க காரியத்தையும் அதன் சூழலையும் ஆராய்தல் பற்றியவை. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டும் அக்காரியத்துக்குரிய ஆளைத் தெரிதலும் அவரிடத்தில் வேலையை ஒப்படைத்தலும் பற்றியவை. காலமறிதல் என்பது விரைவை மாத்திரம் குறிப்பதன்று. பொறுத்திருக்க வேண்டிய வேளையை அறிதலும் அதனுள் அடங்கும். அரசனுக்கென்று வகுத்த இம்முறை, ஒரு மேசைக்கு முன் இருப்பவருக்கும் குறைவின்றிப் பொருந்துகிறது.

எவ்வளவு ஆராய்ந்தால் போதும் என்பது அடுத்த வினா. அமெரிக்க அறிஞர் ஹேர்பேட் சைமன் 1947ஆம் ஆண்டில் நிருவாக நடத்தை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பொருளியலுக்கான நோபெல் பரிசு 1978இல் அவருக்குக் கிடைத்தது. மனிதர் எல்லா வழிகளையும் எல்லா விளைவுகளையும் அறிந்து அவற்றுட் சிறந்ததைத் தெரிகின்றனர் என்னும் பழைய கொள்கையை அவர் மறுத்தார். அறிவுக்கும் காலத்துக்கும் எல்லை உண்டு. ஆதலின் மக்கள் தமக்குப் போதுமான அளவு நல்லதாக ஒரு வழி தென்பட்டதும் தேடலை நிறுத்திவிடுகின்றனர் என்று அவர் காட்டினார். இது குறையன்று, மனித இயல்பு. ஆனால் 'போதுமானது' என்பதை எங்கே வரையறுப்பது என்பதிலேதான் திறமை இருக்கிறது. தவறினால் நாளையே திருத்தக்கூடிய காரியத்துக்கு அரைமணி நேர ஆராய்ச்சி போதும். ஒருவரை வேலையினின்று நீக்குதல், ஒரு காணியின் உரிமையைத் தீர்மானித்தல் போன்று திருத்துதற்கு அரிய காரியங்களுக்கோ இன்னொரு நாளும் இன்னொருவர் கருத்தும் அவசியம். கந்தோர்களில் இம்முறை பெரும்பாலும் தலைகீழாக நடப்பதைக் காணலாம். காகிதமும் மையும் வாங்கும் காரியம் ஐந்து மேசைகளைச் சுற்றுகிறது. ஒருவரின் இடமாற்றம் ஒரு தொலைபேசிப் பேச்சில் முடிகிறது.

கூட்டங்களிலும் இதே குறை உண்டு. சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய நோத்கோட் பாக்கின்சன், ஒரு குழு அணு உலையொன்றுக்குச் சில நிமிடங்களில் இணங்கிவிட்டு, சைக்கிள் கொட்டகையைப் பற்றி நெடுநேரம் வாதிடுவதாக நகைச்சுவையுடன் எழுதினார். அணு உலை எவருக்கும் விளங்காது. கொட்டகை எல்லோருக்கும் விளங்கும். வேலை, அதற்கென்று கிடைக்கும் காலம் முழுவதையும் நிரப்பும்வரை விரியும் என்று 1955ஆம் ஆண்டிற் சொன்னவரும் அவரே. 1914இல் பிரித்தானியக் கடற்படையிற் சேவையில் இருந்த பெரும் போர்க்கப்பல்கள் 62. 1928இல் அவை 20. அதே காலத்திற் கடற்படைத் தலைமைக் கந்தோரின் உத்தியோகத்தர் தொகை 2,000 இலிருந்து 3,569 ஆகப் பெருகியது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆள் கூடினால் வேலை விரைவாகும் என்று எண்ணுவோர் இக்கணக்கை மறத்தலாகாது.

மீண்டும் அம்மையாரின் விண்ணப்பத்துக்கு வருவோர்க்கு இன்னொன்று தோன்றும். விதி தடையாக இருந்தால் அதனைத் தள்ளிவிட்டு இரக்கத்தோடு நடந்தால் என்ன என்பர். அதுவும் நல்ல முடிவு ஆகாது. பெயரை ஒப்புநோக்கும் விதி வீணே ஏற்பட்டதன்று. உரிமையில்லாத ஒருவர் வந்து பணம் பெற்றால், உரிமையுள்ள இன்னொரு பெண்ணும் அவர் பிள்ளைகளும் அதனை இழப்பர். பொதுப் பணத்துக்குக் காவல் வேண்டும். ஆகவே விதியை எடுத்தவுடன் கேட்கவேண்டிய கேள்வி, 'இது எதைக் காப்பதற்காக ஏற்பட்டது' என்பதே. இவர்தாம் அவர் என்பது உறுதியாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவ்வுறுதியைத் தரும் வழிகளைத் தேடுதல் விதிக்குப் பணிதலேயன்றி மீறுதலன்று. விதியின் எழுத்தைக் காட்டித் தப்புபவரும் விதியையே பாராதவரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். இருவரும் அதன் நோக்கத்தை எண்ணவில்லை.

இனி, கீழுள்ளவர் அறிந்த உண்மை மேலுள்ளவரைச் சென்று சேரவேண்டும். 1986ஆம் ஆண்டு ஜனவரி 28இல் அமெரிக்காவின் சலெஞ்சர் விண்கலம் புறப்பட்டு 73 வினாடிகளிற் சிதறி, அதிற் சென்ற எழுவரும் மாண்டனர். அதற்கு முந்திய இரவில், கடுங்குளிரில் உந்துகலத்தின் இணைப்புகளை அடைக்கும் இறப்பர் வளையங்கள் சரிவர இயங்கா என்று பொறியியலாளர் எச்சரித்திருந்தனர். அவர்களுடைய நிறுவனத்தின் மேலாளர்கள் முதலில் அதற்கு இணங்கிப் பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். அறியாமையால் நேர்ந்த அழிவன்று அது. அறிந்தவர் சொல் எடுபடாமையால் நேர்ந்தது. நம் கந்தோர்களிற் காரியங்கள் அத்துணைப் பெரியனவல்ல. எனினும் 'ஐயா, இதில் ஒரு பிழை இருக்கிறது' என்று இளைய உத்தியோகத்தர் சொல்லும்போது முகஞ் சுளிக்கும் அதிகாரி, அடுத்த பிழையைத் தம்மிடம் யாரும் சொல்லாதபடி அன்றே செய்துவிடுகிறார்.

இவை எல்லாவற்றுக்கும் துணையாவது ஒரு சிறிய வழக்கம். காரணத்தை எழுதி வைத்தலே அது. முன்னாளில் அரசாங்க அதிபர்கள் நாட்குறிப்பு எழுதி வந்தனர். வுல்ஃபின் அம்பாந்தோட்டை நாட்குறிப்புகள் பின்னாளில் அச்சேறி, அவர் செய்தவற்றை மாத்திரமன்றி அவை செய்யப்பட்ட காரணங்களையும் இன்று நமக்குக் காட்டுகின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதனைப் பொதுமக்களின் உரிமையாகவே ஆக்கியுள்ளது. ஒருவரைப் பாதிக்கும் முடிவைச் செய்யும் பொது அதிகாரசபையின் உத்தியோகத்தர், அவர் கேட்குமிடத்து, அதற்கான காரணங்களை எழுத்தில் வெளிப்படுத்துதல் வேண்டும் என்று அதன் 35ஆம் பிரிவு விதிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி எழுதுவதைவிடத் தமக்காக எழுதுவது மேல். காரணத்தை எழுத முயலும்போதுதான் காரணமே இல்லை என்பது பலவேளைகளிற் புலனாகும்.

அரசாங்கக் கந்தோர்கள் மாலை 4.15 மணிக்கு மூடப்படுகின்றன. மேசையை ஒழுங்குபடுத்தும் வேளையில், இன்று திருப்பி அனுப்பிய கடிதங்களுள் ஒன்றையேனும் மீண்டும் எடுத்து, இதனைப் பெறுபவர் நாளைக்கு என்ன செய்யவேண்டுமென்று இதில் இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் இருந்தால் போதும். இல்லாவிடின் இரண்டு வரி கூட்டி எழுதுவதற்கு ஐந்து நிமிடம் செல்லும். அந்த ஐந்து நிமிடம், எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு தாய்க்கு இரண்டு நாட் பயணத்தையும் ஒரு மாதத் தவிப்பையும் மிச்சப்படுத்தும்.