ஏரிக்கு யார் கடன் கொடுப்பாங்க?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "டவுன் சாக்கடை நம்ம ஏரியில வந்து விழுது. மாடு கூட அந்தத் தண்ணியைக் குடிக்க மாட்டேங்குது. ரோடு போட காசு இருக்கு, இதுக்கு மட்டும் இல்லையா?" அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறேன்.

கறவை மாட்டுக்கு நாம் கடன் கேட்டால் வங்கி மேலாளர் முதலில் என்ன கேட்பார்? "எப்படிம்மா திருப்பிக் கட்டுவீங்க?" பால் ஊற்றிக் கட்டுவோம் என்போம். நகராட்சி கடை கட்டினால் வாடகை வரும். ஏரியைச் சுத்தம் செய்தால்? கிணறு ஊறும், வெள்ளம் தணியும். ஆனால் அதற்கு யாரும் ரசீது வாங்கிப் பணம் கட்டுவதில்லை. அதனால் கடன் கொடுப்பவர் தயங்குகிறார். இது முதல் தடை.

சென்னைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை வீண் நிலம் என்று நினைத்து, பெரும்பகுதியைக் கட்டடமும் குப்பைமேடும் ஆக்கினார்கள். தண்ணீர் நிற்க இடம் இல்லாததன் விலை 2015 டிசம்பர் வெள்ளத்தில்தான் பலருக்குப் புரிந்தது.

இரண்டாவது தடை, சின்ன ஊர்களுக்குத் தேவைப்படும் தொகை சிறியது, கணக்கும் சரியாக இருக்காது. மூன்றாவது, பராமரிப்பு. சுத்திகரிப்பு நிலையம் கட்டப் பணம் வரும். மோட்டார் ஓட்ட கரண்ட் பில்லை யார் கட்டுவது?

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-03-ல் 13 சிறிய நகர உள்ளாட்சிகள் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்காக ஒன்று சேர்ந்து, சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. 15 வருடத் தவணை. தவணை தவறினால் அரசு தர வேண்டிய மானியத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. தனியாகப் போனால் கிடைக்காத கடன் சேர்ந்து போனதால் கிடைத்தது. நம்ம குழுக் கதைதானே இது!

உத்தரப்பிரதேசத்தில் காசியாபாத் மாநகராட்சி 2021-ல் 150 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. சாக்கடை நீரை நன்றாகச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு விற்பதுதான் திட்டம். வரவுக்கு வழி காட்டியதும் கடன் கொடுக்க ஆள் வந்தது. வங்கி நம்ம குழுவுக்கு கிரேடிங் போடுகிற மாதிரி, நகராட்சிக்கும் கிரேடிங் உண்டு. கணக்கு நோட்டு சுத்தமாக இருந்தால்தான் நல்ல மார்க்.

ஆனால் எல்லா ஏரியும் காசு சம்பாதிக்காது. அங்கே அரசு மானியமும் நகராட்சி வரிப் பணமும் வந்தே ஆக வேண்டும். அதை நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த கிராம சபையில் மூன்று கேள்விகளைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஒன்று, டவுன் கழிவுநீரைச் சுத்தம் செய்ய என்ன திட்டம்? இரண்டு, அதற்குப் பணம் எங்கிருந்து? மூன்று, கட்டி முடித்தபின் வருடா வருடம் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? நகல் ஒன்று நகராட்சி ஆணையருக்கு, ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று நம் கூட்டமைப்புக்கு.

வாரா வாரம் கணக்கு கேட்டுப் பழகியவர்கள் நாம். ஏரிக் கணக்கையும் கேட்போம்.