ரத்தப் பரிசோதனைக் கருவியின் கண்: பழையதா, புதியதா?

(மருத்துவ உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு வில்லியனூர், பாகூர் பகுதிகளிலிருந்து வரும் மனுக்களில் "ஃபுளோ டெஸ்ட்" என்ற பெயரைப் பார்க்கிறோம். ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால், அது எந்த வகை என்று கண்டறியும் ஃபுளோ சைட்டோமெட்ரி பரிசோதனை அது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "வெளியூர் லேப் ஒன்றில் புது வகை மிஷின் இருக்கிறதாம். கடன் வாங்கியாவது அங்கே போகலாமா?" பதில் சொல்ல, அந்த மிஷினின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

ரத்தத்தில் அல்லது எலும்பு மஜ்ஜையில் உள்ள அணுக்களோடு ஒளிரும் சாயம் ஏற்றிய மருந்தைச் சேர்க்கிறார்கள். ரேஷன் கடை வரிசை போல அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கதிரைக் கடக்கின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கில் கடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கணம் மின்னும். அந்த மின்னலின் நிறத்தையும் அளவையும் வைத்தே நல்ல அணு எது, நோய் அணு எது என்று பிரிக்கிறார்கள். மிக மங்கலான அந்த மின்னலைப் பிடிப்பதுதான் டிடெக்டர்.

பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் பார்க்கிறோம் என்று ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் விளக்கியவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் ஏன் வெளியேறுகிறது என்பதற்கு 1905இல் விளக்கம் தந்தவர் ஐன்ஸ்டீன். அந்த எலெக்ட்ரானைப் பெருக்கிக் காட்டுவதுதான் முதல் வகைக் கண்ணான ஃபோட்டோமல்டிபிளையர் குழாய்.

பெரியவர்களுக்கு வால்வு ரேடியோ நினைவிருக்கும். இதுவும் அது போல வெற்றிடக் கண்ணாடிக் குழாய்தான். ஒரு எலெக்ட்ரான் படிப்படியாக மோதிப் பல லட்சமாகப் பெருகும். இருட்டில் இரைச்சல் மிகக் குறைவு. நீலம், பச்சை ஒளியில் நன்றாக வேலை செய்யும். சிவப்பில் திறன் குறையும். பி.டி. நிறுவனத்தின் ஃபாக்ஸ்கேண்டோ கருவியில் இருப்பது இதுதான்.

இரண்டாவது, டிரான்சிஸ்டர் போன்ற சிலிக்கான் சில்லு. அவலாஞ்ச் ஃபோட்டோடயோடு என்று பெயர். சைட்டோஃபிளெக்ஸ், சைடெக் அரோரா கருவிகளில் இது இருக்கிறது. சிவப்பு ஒளியைக் குழாயைவிடப் பல மடங்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் தானாகப் பெருக்குவது சில நூறு மடங்குதான். வெப்பம் மாறினால் அளவும் மாறும் என்பதால் வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

மூன்றாவது, சிலிக்கான் ஃபோட்டோமல்டிபிளையர். இது குழாயைப் போலப் பல லட்சம் மடங்கு பெருக்கும், குறைந்த மின்னழுத்தம் போதும். ஆனால் ஒளியே இல்லாதபோதும் தானாகத் துடிப்புகளை எழுப்பும். அந்த இரைச்சல் குழாயைவிட அதிகம்.

ரேடியோவில் டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு ஒழிந்தது. இங்கே அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு குறை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் முதல் கட்டச் சிகிச்சை முடிந்ததும், 10,000 அணுக்களில் 1 நோய் அணுவாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உலகம் முழுக்கப் பின்பற்றும் இந்த அளவுகோல் உருவானது பழைய குழாய்க் கருவிகளை வைத்துத்தான். ஆகவே கண் புதியது என்பதற்காக மட்டும் கடன் வாங்க வேண்டாம்.

முடிவு சரியாக வர வேறு விஷயங்கள்தான் முக்கியம். 10,000இல் ஒன்றைத் தேட லட்சக்கணக்கான அணுக்களை எண்ண வேண்டும். மாதிரி பழசானால் அணுக்கள் செத்துவிடும்; எந்தக் கண்ணாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பொதுவாக 24 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. ஐஸில் உறைய வைக்கக் கூடாது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பிள்ளைக்குக் காய்ச்சல், எலும்பு வலி, நெறிகட்டு தொடர்ந்தால் மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை கொடுக்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் நோய் அணுக்கள் தற்காலிகமாகக் குறைந்து, பரிசோதனையே குழம்பலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

லேபில் மூன்று கேள்வி கேளுங்கள். மாதிரி எத்தனை மணிக்குள் மிஷினுக்குப் போகும்? அறிக்கையைப் படித்துக் கையெழுத்திடும் டாக்டர் இந்தத் துறையில் பயிற்சி பெற்றவரா? அடுத்தடுத்த பரிசோதனைகளையும் இங்கேயே செய்ய முடியுமா? முதல் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால், ஒரே இடத்தில் செய்வது நல்லது.

மண்டலப் புற்றுநோய் மையம் கோரிமேட்டில் நம் ஜிப்மரிலேயே இருக்கிறது. முதலில் அங்கே போய் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அவரே வெளியே அனுப்பினால் கடிதத்தோடு வாருங்கள். பரிசோதனைச் செலவுக்கும், மாதிரியை உடனே கொண்டு சேர்க்கும் வண்டிச் செலவுக்கும் அறக்கட்டளை உதவும், இன்ஷா அல்லாஹ். ஜகாத் பணம் அமானிதம். மிஷினின் பெயருக்காக அதைச் செலவிட முடியாது. நோயாளியின் தேவைக்குத்தான் அது போக வேண்டும்.

நோயுற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.