முந்நூற்றுப் பதினொன்று முதல் ஆள்

நேயர்களே, தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. எழுதியாயிற்றா? முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். இது ஒரு பகா எண். அதை 1772-ல் உறுதிசெய்தவர் ஆய்லர். அப்போது அவர் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். கண்பார்வை ஏறக்குறைய முழுதாகவே போயிருந்தது.

எப்படிச் செய்தார்? பள்ளிக்கூட வழியில் போனால், இதன் வர்க்கமூலமான 46,340 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்து எழுநூறுக்கும் மேல்! ஆய்லர் அந்தப் பக்கமே போகவில்லை.

சின்ன எண்ணில் காட்டுகிறேன். பதினொரு இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 பெருக்கல் 89. இரண்டையும் 22-ஆல் வகுங்கள், மீதி 1. பதினொன்றின் இரு மடங்குதான் 22, கவனித்தீர்களா? இனி 8-ஆல் வகுங்கள். 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1. இது தற்செயல் அல்ல. இரண்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், இந்த வகை எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் இந்த இரண்டு சோதனையிலும் தேறியாக வேண்டும். முதல் சோதனைக்கு ஆதாரம் பெர்மாவின் தேற்றம்.

நம் எண்ணுக்கு 22-க்குப் பதில் 62. அந்த இரண்டு சல்லடையிலும் சலித்தால் 46,340-க்குள் தங்குபவை முந்நூற்றுச் சொச்சம். அவற்றிலும் 63, 249 போன்ற பகு எண்களைத் தள்ளிவிடலாம். தேறும் முதல் ஆள் 311. வகுத்தால் மீதி 35. அடுத்தவர் 1303. இப்படியே போய், ஒருவரும் மீதியின்றி வகுக்கவில்லை.

1811-ல் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ, இந்த எண்ணிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணைவிடப் பெரியதை யாரும் தேடப்போவதில்லை, இதனால் பயன்தான் என்ன என்று எழுதிவைத்தார். பாவம், 1876-லேயே லூகாஸ் இதே வகையில் 39 இலக்கப் பகா எண்ணைப் பிடித்துவிட்டார். 2024-ல் கிடைத்ததற்கு நான்கு கோடிக்கும் மேல் இலக்கங்கள்.

பயனா? எங்கள் கல்லூரிக் கணினிக் கூடத்துக்கு வாருங்கள். "சார், ஒண்ணு கூட்டினா மைனஸ்ல போகுது சார்!" ஆண்டுதோறும் ஒரு மாணவராவது இப்படிக் கூப்பிடுவார். திரையைப் பார்க்காமலே எண்ணைச் சொல்லிவிடுவேன். 32 பிட்டில் ஒன்று குறிக்குப் போய்விட்டால், மிஞ்சும் 31-ல் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதானே!

தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நிறைவெண்களை இன்னொரு நாள் பேசுவோம். அதற்குள் 83 லட்சத்து 88 ஆயிரத்து 607-ஐ நீங்களே சோதித்துப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். இதில் இருபத்து மூன்று இரண்டுகள், 46-ல் தொடங்குங்கள். அதிக நேரம் ஆகாது.