பால்கனியில் ஒரு சோலை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டம் குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது எனக்கு நகைப்பே வந்தது. தாராவியில் பத்தடி அறையில் ஐவர் உறங்கும் நம்மவரிடம் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதா என எண்ணினேன். பின்னர் அச்சந்துகளில் நடந்து பார்த்தேன். பெயிண்ட் டப்பாவில் துளசி. எண்ணெய்த் தகரத்தில் கற்றாழை. இரும்பு ஏணியைப் பற்றியேறும் வெற்றிலைக் கொடி. என் நகைப்பு அடங்கிற்று.

வெப்பமண்டலத் தோட்டம் என்று வண்ணப்படங்களுடன் நூல்கள் வருகின்றன. குளிர்நாட்டார் கண்ணாடி வீடு கட்டிச் சூடேற்றி வளர்க்கும் வாழையும் சேம்பும் கல்வாழையும் நமக்குப் புழக்கடைச் செடிகளல்லவா? பிரேசில் நாட்டுத் தோட்டக் கலைஞர் ராபர்ட்டோ புர்லே மார்க்ஸ், 1928-ஆம் ஆண்டளவில் பெர்லின் சென்றபோது, அங்குள்ள தாவரத் தோட்டத்தின் கண்ணாடிக் கூடத்தில்தான் தம் நாட்டுச் செடிகளின் அழகைக் கண்டுகொண்டாராம். ஊரை விட்டு வந்த நமக்கு இது புதிய செய்தியன்று.

அவ்வகைத் தோட்டத்தின் இலக்கணம் எளிது. காட்டில் மேலே நெடுமரம், அதன் நிழலில் அகன்ற இலைச்செடி, அதற்கும் கீழே ஈரம் விரும்பும் பெரணி, ஊடே கொடி. பால்கனியிலும் அவ்வடுக்கே வேண்டும். வெயில் படும் ஓரத்தில் கறிவேப்பிலையும் மல்லிகையும். அவற்றின் பின்னே சேம்பும் குரோட்டனும். சுவரோர நிழலில் வெற்றிலை. பூவை மட்டும் நம்பினால் சில திங்களே அழகு. இலையை நம்பினால் ஆண்டு முழுவதும்.

ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தை அப்படியே இங்குக் கொணர்தல் கூடாது. சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை. மும்பைக்கோ, ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே திங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று தொடங்கிய ஒரே நாள் மழை சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர்! எஞ்சிய எட்டுத் திங்களும் ஏறக்குறைய வறட்சியே.

இதனை நான் கற்ற விதம் வருந்தத்தக்கது. என் அன்னையார் பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டுச் செம்பூருக்கு வந்தபோது, ஈரத்துணியில் சுற்றி ஒரு கறிவேப்பிலைக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் பெருமையோடு மெருகிட்ட பீங்கான் தொட்டி வாங்கினேன். அடியில் துளை இல்லை. ஆடி முடியுமுன் வேர் அழுகிப் போயிற்று. அன்னையார் என்னை ஒரு சொல்லும் கடிந்திலர். மூன்று நாள் பால்கனிப் பக்கமே செல்லவில்லை, அவ்வளவே.

அதன்பின் தாராவியின் கும்பார்வாடாவுக்குச் சென்றேன். சௌராட்டிரத்திலிருந்து நம்மைப் போலவே பிழைக்க வந்த குயவர்களின் வழியினர் அங்கு உள்ளனர். துளையுள்ள சுடுமண் தொட்டி, துளைமேல் ஓட்டாஞ்சில்லு, செம்மண், மக்கிய எரு, சிறிது தேங்காய் நார்த்தூள், இவ்வளவே தேவை. மழைக்காலத்தில் தொட்டியின் கீழ்த்தட்டை எடுத்துவிடுங்கள். தேங்கிய நீரில் டெங்குக் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் பருவம் எய்திவிடும். ஜன்னல் கிரில்லின் வெளியே தொட்டி வைக்கவே வேண்டாம். கீழே நடப்பவன் தலை நம் தோட்டத்தினும் பெரிது.

எருவுக்குக் காசு தேவையில்லை. மும்பைத் துறைமுகத்தின் சமையற்கூடத்து மொட்டை மாடியில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், சமையற் கழிவையே மண்ணாக்கிப் பழமரங்களும் காய்கறிகளும் வளர்த்துக் காட்டினர்.

அன்னையார் மறுமுறை ஊரிலிருந்து வருவித்த கன்று தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்தது. கட்டடத்தின் பின்புறம் தரையில் நட்டோம். இன்று அது மூன்றாள் உயரம். அன்னையார் இல்லை. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவாகிவிட்டது. மரத்தை வெட்ட அனுமதி பெற வேண்டுமென 1975-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆயினும் அனுமதி கிடைத்துவிடும் என்றே அஞ்சுகிறேன்.

கறிவேப்பிலை வேரிலிருந்தே கன்று விடும் இயல்புடையது. அவ்வாறு எடுத்த பதினான்கு கன்றுகளை வாயிலருகே வைத்திருக்கிறேன். வேண்டுவோர் வீட்டுக்கு ஒன்றாக எடுத்துச் செல்லலாம். தொட்டியின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு நடுங்கள்.