ஜனநாயகம்: மேடையில் மாறிய பொருள்
(மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)

இந்தியத் தலைவர்களின் பேச்சில் ‘ஜனநாயகம்’ என்னும் சொல்லுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. மாறி வந்திருப்பது அதன் பொருளே.

1946 டிசம்பர் 13 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் இச்சொல் இடம்பெறவில்லை. குடியரசு என்றாலே ஜனநாயகமும் அதில் அடங்கும் என்பது அவர் தந்த விளக்கம். முகவுரையில் அது பின்னர் சேர்ந்தது.

1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் ஆற்றிய உரையை மாணவர்கள் முழுமையாகப் படித்தல் நலம். பௌத்த சங்கங்களில் தீர்மானம், வாக்கெடுப்பு, கோரம் ஆகியவற்றுக்கு விதிகள் இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. அம்முறையை இழந்த நாடு மீண்டும் இழக்குமோ என்று வினவுவதற்காகவே. அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு. சமூக, பொருளாதார வாழ்விலோ ஏற்றத்தாழ்வு. இம்முரண்பாட்டை விரைவில் களையாவிடில், அதனால் துன்புறுவோர் சபை அரும்பாடுபட்டு எழுப்பிய அமைப்பையே தகர்த்துவிடுவர் என்றார். அன்று ஜனநாயகம் செய்து முடிக்க வேண்டிய பணி.

அடுத்த பத்தாண்டிலும் அந்தத் தொனி நீடித்தது. 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு ஜனநாயகப் பரவலாக்கத்தைப் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தானின் நாகௌரில் பஞ்சாயத்து ராஜ் தொடங்கப்பெற்றது.

1975-ல் நெருக்கடி நிலையை எதிர்த்தவர்கள் ஜனநாயகத்தைக் காக்க வேண்டும் என்றனர். ஜனநாயகத்தின் பெயரால் ஜனநாயகமே முடக்கப்படுகிறது என்று இந்திரா காந்தியும் வானொலியில் கூறினார். இரு தரப்பினர்க்கும் அது காக்கப்பட வேண்டிய உடைமையாகிவிட்டது. 1977 தேர்தலுக்குப் பிறகு, எதிர்வரிசையில் இருக்கையில் ‘ஆபத்து’ என்றும் ஆட்சிக்கு வந்ததும் ‘மக்கள் தீர்ப்பு’ என்றும் பேசுவது எல்லாக் கட்சியினர்க்கும் பழகிப்போயிற்று.

73-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள கிராமவாசி ஒவ்வொருவரும் அதன்படி கிராம சபை உறுப்பினர். தேர்தல் மேடைகளில் அவரைப் ‘பயனாளி’ என்றே பெரிதும் குறிப்பிடுகின்றனர். கோப்புகளிலும் அப்படித்தான்!

2020 டிசம்பர் 10 அன்று புதிய பாராளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைவுகூர்ந்தார். 2021-ல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் ‘ஜனநாயகத்தின் தாய்’ என்று இந்தியாவைக் குறிப்பிட்டார். அம்பேத்கரும் பழமையையே சுட்டினார். ஆனால் அவரிடம் அது எச்சரிக்கை. குடவோலை முறையை அக்கல்வெட்டு விரிவாகக் கூறுவது உண்மை. தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு நிலவுடைமையும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. மேடைகளில் இப்பகுதி அரிதாகவே கேட்கப்படுகிறது. 1951-52 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 17 கோடி வாக்காளர் இருந்தனர். அவர்களிடமோ, அவர்கள் முன் நின்ற வேட்பாளர்களிடமோ நிலமும் கல்வியும் கேட்கப்படவில்லை.